17 வாக்கியம், 13 இணைப்புச் சொல்: ஒரு செவிலியரின் ஆங்கிலக் கட்டுரை பற்றிய நிகழ்வு ஆய்வு

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி மன்னார்குடிக்கு வருவார். செவிலியர் பட்டம் பெற்றவர். தனியார் மருத்துவமனை ஒன்றில் நான்கு ஆண்டு வேலை பார்த்த அனுபவமும் உண்டு. இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 7 எடுக்க வேண்டும். எழுத்துக்கு மட்டும் 2018 டிசம்பர் முதல் 6.5 போதும் என்று அந்நாட்டுச் செவிலியர் மன்றம் தளர்த்தியிருக்கிறது. முதல் மூன்றிலும் அவர் தேறிவிட்டார். எழுத்தில் கிடைத்தது 5.5.

நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன். ஐஇஎல்டிஎஸ் பயிற்சி கொடுப்பது என் தொழில் அன்று. அவருடைய அப்பா எனக்குப் பழக்கம் என்பதால்தான் அவர் வந்தார். சம்பா நடவு முடிந்திருந்த நேரத்தில் தொடங்கி, அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கும் வரை, ஏறக்குறைய மூன்றரை மாதம் அவருடைய கட்டுரைகளோடு உட்கார்ந்திருந்தேன். கற்பிக்கிற மற்றவர்களுக்கும் கற்கிறவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், நடந்ததை, நான் தவறாகச் செய்தது உட்பட, எழுதுகிறேன்.

முதல் கட்டுரை

முதல் நாள் அவர் கொண்டுவந்த கட்டுரையின் தலைப்பு, முதியோரைக் குடும்பம் பராமரிக்க வேண்டுமா, இல்லங்கள் பராமரிக்க வேண்டுமா என்பது. 17 வாக்கியங்கள் இருந்தன. அவற்றில் 13 ஓர் இணைப்புச் சொல்லோடு தொடங்கின. மோர்ஓவர் (மேலும்) மூன்று முறை, ஃபர்தர்மோர் (அதோடு) இரண்டு முறை, ஹவெவர் (ஆனால்), ஹென்ஸ் (ஆதலால்), ஆன் தி கான்ட்ரரி (அதற்கு மாறாக), இன் எ நட்ஷெல் (சுருங்கச் சொன்னால்) என்று வரிசையாக. இலக்கணப் பிழை குறைவு. எழுத்துப் பிழை இல்லவே இல்லை. ஆனாலும் படித்து முடித்ததும் அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு பத்தியைத் தமிழில் தருகிறேன், இணைப்புச் சொற்களை மட்டும் அப்படியே விட்டு:

முதியோரைக் குடும்பமே பார்த்துக்கொள்ள வேண்டும். மோர்ஓவர், பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். ஃபர்தர்மோர், முதியோர் இல்லங்களில் செவிலியர் இருக்கிறார்கள். ஆன் தி கான்ட்ரரி, வீட்டில் அன்பு கிடைக்கும். ஹென்ஸ், அரசு உதவ வேண்டும்.

மோர்ஓவர் என்பது "அதற்கும் மேலே" என்று ஒரே பக்கத்தில் இன்னொரு காரணத்தை ஏற்றிவைக்கும் சொல். இங்கே இரண்டாம் வாக்கியம் முதல் வாக்கியத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஹென்ஸ் வந்தால் அதற்கு முன் ஒரு காரணம் இருக்க வேண்டும். வீட்டில் அன்பு கிடைக்கும் என்பது அரசு உதவ வேண்டும் என்பதற்குக் காரணமாக முடியாது. ஐந்து வாக்கியங்களும் தனித்தனியே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே இருக்கும் சொற்களோ, எல்லாம் சேர்ந்திருப்பதாகப் பொய் சொல்கின்றன.

"இந்த மோர்ஓவரை ஏன் போட்டாய், அம்மா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்று போட்டால் மார்க் கூடும் என்று சொன்னார்கள், சார்" என்றார். பயிற்சி மையத்தில் கொடுத்த பட்டியலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். 40 சொற்கள், நான்கு கட்டமாக அச்சிட்டது, லேமினேட் செய்தது. மனப்பாடம் செய்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னதைச் சரியாகச் செய்திருந்தார்.

தேர்வின் விதி சொல்வது இதற்கு நேர்மாறானது. ஐஇஎல்டிஎஸ் எழுத்தில் நான்கு அளவுகோல்கள் இருக்கின்றன. நான்குக்கும் சம மதிப்பு. அவற்றில் ஒன்று, கருத்துகள் கோவையாக வருகின்றனவா, வாக்கியங்கள் பிணைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. இணைப்புச் சொற்கள் போதாமலோ, தவறாகவோ, அளவுக்கு மீறியோ இருப்பது 5-ஆம் படிநிலையின் அடையாளம் என்று அதில் எழுதியிருக்கிறது. 6-க்கு வந்தாலும் பிணைப்பு இயந்திரத்தனமாக இருக்கலாம் என்கிறது. உச்சமான 9-க்குச் சொல்லியிருப்பது என்னை நிறுத்திவைத்தது: பிணைப்பு படிப்பவரின் கவனத்துக்கு மிக மிக அரிதாகத்தான் வர வேண்டும். 40 சொல் பட்டியல் அவரை 5-ஐ நோக்கித்தான் தள்ளிக்கொண்டிருந்தது.

எங்கே பிணைப்பு இருந்தது

அடுத்த ஞாயிறு அவரிடம் ஒன்று கேட்டேன். வார்டில் டியூட்டி மாற்றும்போது அடுத்த செவிலியருக்கு ஆங்கிலத்தில் எழுதிவைக்கும் குறிப்பைப் போல, ஒரு கற்பனை நோயாளிக்கு எழுதிக் காட்டச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டார். இரவு 10 மணிக்குக் காய்ச்சல் 102 டிகிரி. பணி மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது. அவர் சொன்னபடி பாராசிட்டமால் கொடுக்கப்பட்டது. 11 மணிக்கு 100 டிகிரி. நோயாளி உறங்குகிறார்.

ஓர் இணைப்புச் சொல்கூட இல்லை. எது முன், எது பின், எதனால் எது என்பதில் துளி ஐயமும் இல்லை. காலம் ஒரு நூலாக ஓடுகிறது. "அவர்" என்ற சொல் மருத்துவரைத் திரும்பிப் பார்க்கிறது. காய்ச்சலின் எண் மறுபடி வந்து முதல் வரியோடு கடைசிக்கு முந்திய வரியைக் கட்டுகிறது.

மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் 1976-இல் ஆங்கிலப் பிணைப்பை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். சுட்டு (அவர், இது போன்றவை), பதிலி (ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்று), தொகை (சொல்லாமல் விடுவது), இணைப்பு, சொற்பிணைப்பு (அதே சொல்லோ தொடர்புடைய சொல்லோ மறுபடி வருவது). இணைப்புச் சொற்கள் அந்த ஐந்தில் ஒன்று மட்டுமே. பட்டியல் கற்பித்தது அந்த ஒன்றை. மீதி நான்கும் இந்தப் பெண்ணின் கையிலேயே இருந்தன, ஆனால் கட்டுரை என்றதும் அவற்றை வார்டிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார். இரண்டாம் வாரத்தில் நான் எழுதிவைத்த நோய்க்கணிப்பு இவ்வளவுதான்.

என் முதல் தவறு

கணிப்பு சரியாக இருந்தது. சிகிச்சையைத் தவறாகக் கொடுத்தேன். "இரண்டு வாரத்துக்கு ஒரே ஓர் இணைப்புச் சொல்கூட எழுதாதே" என்று சொல்லிவிட்டேன். பத்தியத்தைப் போல நினைத்தேன். அவர் கொண்டுவந்த கட்டுரை தந்தி போல இருந்தது. சின்னச் சின்ன வாக்கியங்கள், ஒவ்வொன்றும் முற்றுப்புள்ளியில் முடிந்து நின்றன. டியூட்டிக் குறிப்பில் காலம் தாங்கிப் பிடித்தது. வாதம் செய்யும் கட்டுரையில் அப்படித் தாங்க எதுவும் இல்லை. காரணமும் எதிர்ப்பும் விதிவிலக்கும் சொல்லப்படாவிட்டால் படிப்பவர் ஊகிக்கத்தான் வேண்டும். இரண்டு ஞாயிறு வீணாயின. அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். அந்த மாதம் அவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும்.

தமிழ் எப்படி இணைக்கிறது

அந்த வாரம் முழுவதும் யோசித்ததில்தான் பொருள்கோள் நினைவுக்கு வந்தது. செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறை எட்டு என்கிறது நன்னூல். முதலாவது ஆற்றுநீர்ப் பொருள்கோள்: ஆற்று நீர் போல் பொருள் எங்கும் திரும்பாமல் முன்னோக்கியே ஓடுவது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் சீவக சிந்தாமணிப் பாடல் நெற்பயிரைப் பற்றியது என்பது டெல்டாக்காரர்களுக்குத் தனி மகிழ்ச்சி. பயிர் பச்சைப் பாம்பைப் போலச் சூல்கொண்டு, கதிரை ஈன்று, அற்பர்களின் செல்வம் போலத் தலைநிமிர்ந்து, பிறகு கற்றவர்களைப் போலத் தலைவணங்கிக் காய்த்தது. இருந்து, ஈன்று, நிறுவி, இறைஞ்சி, காய்த்த. வினையெச்சம் வினையெச்சமாகக் கைகோத்துக் கடைசி வினைமுற்றில் வந்து நிற்கிறது. "மேலும்" இல்லை, "அதன் பிறகு" இல்லை.

தமிழின் இயல்பான இணைப்பு இதுதான். வினையின் வாலிலேயே உறவு ஒட்டியிருக்கிறது. செய்ததும், செய்யும்போது, செய்யும்வரை, செய்தாலும், செய்யாவிட்டால் என்று ஒரே வேர் ஐந்து உறவுகளைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு நிகரானவை ஒன்ஸ், வைல், அன்டில், ஆல்தோ, அன்லெஸ். இவை வாக்கியத்துக்குள்ளேயே இருந்து இரண்டு வினைகளைக் கட்டுகின்றன. அவருடைய பட்டியலை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். இந்த ஐந்தில் ஒன்றுகூட அதில் இல்லை! 40 சொற்களும் புதிய வாக்கியத்தின் தலையில் வைப்பவை. தமிழர் ஒருவர் தன் மொழியில் மிக இயல்பாகச் செய்யும் இணைப்புக்கு நேரான ஆங்கிலக் கருவிகளை விட்டுவிட்டு, நமக்கு அயலான கருவிகளை மட்டும் அந்தப் பட்டியல் கொடுத்திருந்தது.

தாய்மொழியால்தான் பிழை வருகிறது என்று ஆங்கில ஆசிரியர்கள் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அவ்வளவு எளிதில் சொல்ல மாட்டேன். அவர் கட்டுரையில் ஆல்தோ என்று தொடங்கி நடுவில் பட் போட்ட வாக்கியம் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றுதான் வரலாம். "மழை பெய்தாலும் ஆனால் அவர் வந்தார்" என்று தமிழில் எந்தக் குழந்தையும் பேசாது. தமிழில் நினைத்து எழுதியிருந்தால் அந்தப் பிழை நேர்ந்தே இருக்காது.

இன்னொன்றையும் அவருக்குக் காட்டினேன். ஆனால், ஆயினும், ஆதலால், ஆகவே எல்லாம் "ஆகு" என்ற வினையிலிருந்து வந்தவை. எனவே என்பது "என்" என்ற வினையிலிருந்து வந்தது. "அப்படி ஆனால்", "அப்படி ஆதலால்", "என்று சொல்லவே" என்று ஒவ்வொன்றும் முன் வாக்கியத்தைத் தொட்ட பிறகே அடுத்ததைத் தொடங்குகிறது. முன் வாக்கியத்தில் தொடுவதற்கு ஏதாவது இருந்தாக வேண்டும். ஹென்ஸ் எழுதும் முன் "அப்படி ஆதலால்" என்று ஒரு முறை சொல்லிப் பார்க்கச் சொன்னேன். வீட்டில் அன்பு கிடைக்கும், அப்படி ஆதலால் அரசு உதவ வேண்டும் என்று அவரே சொல்லிப் பார்த்தார். சிரித்துவிட்டு அடித்தார்.

ஓரத்தில் பென்சில்

அதன் பிறகு நாங்கள் செய்த முறை இது. கட்டுரையை இணைப்புச் சொல் இல்லாமல் எழுதுவார். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே, பக்கத்தின் ஓரத்தில், அவற்றின் உறவு என்ன என்று பென்சிலால் தமிழில் எழுதுவார்: அதனால், ஆனால், எப்படியென்றால், அதற்குள், இருந்தாலும். ஒன்றும் எழுத வரவில்லை என்றால் இரண்டில் ஒரு வாக்கியம் இடம் மாற வேண்டும், அல்லது போக வேண்டும். உறவு தெரிந்த பிறகு மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். வினையோடு கட்டுவது முதல் வழி. திஸ், சச் போன்ற சுட்டால் கட்டுவது அடுத்தது. இரண்டும் போதாதபோது மட்டும் தனிச் சொல்.

பயிற்சிக்கு அவருக்கு நன்றாகத் தெரிந்த பொருளைத்தான் எடுத்தேன். எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் ஒரு செயல்முறையை விளக்கச் சொல்வதுண்டு. நாற்றங்காலிலிருந்து நடவு வரை எழுதச் சொன்னேன். முதலில் ஃபர்ஸ்ட்லி, செகண்ட்லி, தேர்ட்லி என்றுதான் தொடங்கினார். அப்பா வீட்டில் எப்படிச் சொல்வார் என்று கேட்டேன். "நாற்று 25 நாளை எட்டியதும் பறித்து, முடி கட்டி, சேறடித்த வயலில் கொண்டுபோய்ப் போட்டு நடுவோம்" என்றார். "எட்டியதும்" என்பது ஒன்ஸ் ஆனது. செகண்ட்லியும் தேர்ட்லியும் தாமாகவே உதிர்ந்தன.

எதிர்ப்பைக் காட்டும் சொற்களுக்கு மேட்டூர் அணை கைகொடுத்தது. 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022-இல் மே 24 அன்றே, 19 நாள் முன்னதாகத் திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். இந்த இரண்டையும் இணைக்கச் சொன்னபோது நடுவே ஆன் தி கான்ட்ரரி போட்டார். மிகப் பலர் செய்யும் பிழை இது. ஆன் தி கான்ட்ரரி முன்னே சொன்னதை மறுத்து, உண்மை அதற்கு நேர்மாறு என்று சொல்லும். 2024-இல் தண்ணீர் உரிய நாளில் வரவில்லை. ஆன் தி கான்ட்ரரி, ஆறு வாரத்துக்கு மேல் தாமதமானது. இங்கே அது சரி. இரண்டு ஆண்டுகளும் உண்மை, ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்றால் வேர்ஆஸ் அல்லது இன் கான்ட்ராஸ்ட்தான் வர வேண்டும். 2022 மே 24-ஐ யாரும் மறுக்கவில்லையே!

அதே செய்தியை வைத்து மேலே போனோம். தண்ணீர் தாமதமானது. கான்சிக்வென்ட்லி (அதன் விளைவாக), வாய்க்காலை மட்டுமே நம்பியவர்கள் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். நெவர்தெலெஸ் (அப்படியிருந்தும்), பம்புசெட் வைத்திருந்தவர்கள் குறுவை நட்டார்கள். "நெவர்தெலெஸ் என்றால் எங்கள் ஊரில் பம்புசெட் என்று அர்த்தம்" என்றார் அவர். அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

நிறுத்தற்குறியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். "ஆனால்" என்பதற்கு முன் தமிழில் கமா போட்டு எழுதுகிறோம். ஆங்கிலத்தில் பட் அதற்கு இடம் கொடுக்கும், ஹவெவர் கொடுக்காது. இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே ஹவெவர் வந்தால் அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், அதற்குப் பின் கமா வேண்டும். இதை அவர் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்.

கும்பகோணத்திலிருந்து ஒரு "பட்"

இணைப்புச் சொல் எந்தப் பக்கம் எடையைச் சாய்க்கிறது என்று பேச, கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு 1913 ஜனவரி 16 அன்று எழுதிய கடிதத்தை எடுத்தேன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரையில் தவறி உதவித்தொகையை இழந்தவர் எழுதியது அது. தொடக்கத்திலேயே, தான் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் எழுத்தர் என்கிறார். அடுத்து, தனக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை, பட், சாதாரணப் பள்ளிப் படிப்பை முடித்திருப்பதாகச் சொல்கிறார்.

அந்த வாக்கியத்தின் இரண்டு பாதிகளையும் இடம் மாற்றிப் படித்துக் காட்டினேன். சாதாரணப் பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன், பட், பல்கலைக்கழகக் கல்வி இல்லை. செய்தி ஒன்றே. மனிதர் மட்டும் வேறாகிவிட்டார். முதலாவதில் இருப்பதை எடுத்துவைத்து மேலே பேசப் போகிறவர் நிற்கிறார். இரண்டாவதில் இல்லாததைச் சொல்லித் தலைகுனிகிறவர். பட் என்ற மூன்றெழுத்துச் சொல், தனக்குப் பின்னால் வருவதன் பக்கம் எடையைச் சாய்த்துவிடுகிறது. அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கட்டுரையின் முடிவுப் பத்தியைத் திறந்து, இரண்டு பாதிகளை இடம் மாற்றினார். நான் சொல்லவில்லை.

மாறிய பத்தி

பொங்கலுக்கு முந்திய வாரம் அதே முதியோர் தலைப்பை மறுபடி எழுதினார். அதே பத்தி, தமிழில்:

பெற்றோரைத் தாங்களே பார்த்துக்கொள்ளத்தான் பெரும்பாலான குடும்பங்கள் விரும்புகின்றன. ஆனால் வேலைக்காகப் பிள்ளைகள் வெளியூர் போய்விட்டால், வீட்டில் எஞ்சுவது ஒரு முதியவரும் இன்னொரு முதியவரும். இப்படிப்பட்ட வீடுகளில் அன்புக்குக் குறைவில்லை. வேளைக்கு மருந்து எடுத்துக் கொடுக்க ஆள்தான் இல்லை. அந்த உதவியை, பயிற்சி பெற்ற செவிலியரை வீட்டுக்கே அனுப்பி, அரசு கொடுக்க முடியும்.

தனி இணைப்புச் சொல் என்று பார்த்தால் ஒரே ஒரு பட். "போய்விட்டால்" என்பது இஃப். "இப்படிப்பட்ட வீடுகள்", "அந்த உதவி" என்ற இரண்டு சுட்டுகள் தாம் வரும் வாக்கியத்தை முந்தியதோடு கட்டுகின்றன. எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. கருத்தே மாறியிருக்கிறது. வீட்டுக்கே செவிலியர் என்ற யோசனை முதல் கட்டுரையில் எங்கும் இல்லை. ஓரத்தில் "அதனால்" என்று எழுத முயன்று, எதனால் என்று தேடியபோது கிடைத்தது அது என்றார்.

திருச்சியில் மறுபடி தேர்வு எழுதினார். எழுத்தில் 6.5 வந்தது.

இந்த முறைதான் அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்தது என்று நான் உறுதி கூற மாட்டேன். முடிவுச் சீட்டில் எழுத்துக்கு ஒரே எண்தான் இருக்கும். நான்கு அளவுகோல்களில் எது எவ்வளவு உயர்ந்தது என்பது அதில் தெரியாது. வாரம் மூன்று கட்டுரை வீதம் எழுதியதாலேயே கை பழகியிருக்கலாம். ஒருவரை வைத்து எல்லாருக்கும் விதி சொல்லவும் முடியாது. தமிழ் நன்றாக எழுதத் தெரிந்தவருக்குத்தான் ஓரத்துப் பென்சில் உதவும் என்று நினைக்கிறேன். தமிழிலும் உறவைச் சொல்லத் திணறும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன் பயிற்சி நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். முன் பக்கங்களின் ஓரம் முழுக்க அதனால், ஆனால், அதனால். போகப் போகக் குறைகிறது. கடைசிக் கட்டுரையில் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே "இருந்தாலும்" என்று எழுதி, அடித்து, பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார்: இங்கே ஒன்றும் வேண்டாம்.